அர்த்தம் தேடுபவருக்குச் சம்பளம் உண்டு

டெர்ரி கில்லியமின் 'தி ஸீரோ தியரம்' படத்தில் கடவுள் நம்பிக்கை, காதல், மனநல ஆலோசனை, கடற்கரைச் சூரியன் எல்லாமே ஏதோ ஒரு கம்பெனியின் சரக்கு. அந்த ஊரில் ஒருவன் வாழ்க்கைக்குப் பொருள் தேடுகிறான்.

கதவைத் திறந்து அவன் தெருவில் கால் வைத்ததும் சுவரில் இருக்கும் விளம்பரம் விழித்துக்கொள்கிறது. அவன் நடந்தால் அதுவும் கூடவே வருகிறது. அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது, அவனுக்கு என்ன குறை என்று அவனுக்கே சொல்கிறது. 'மீட்பர் பேட்மேன்' பெயரில் ஒரு திருச்சபை ஆள் சேர்க்கிறது. சற்றுத் தள்ளி, 2011-ல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டை முற்றுகையிட்டவர்களின் முழக்கம் 'ஆக்குப்பை மால் ஸ்ட்ரீட்' என்று கடைப்பலகை ஆகிவிட்டது. பூங்காவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதைச் சுற்றி இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று அடுக்கடுக்காகத் தடைப் பலகைகள். விற்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. சும்மா உட்காரத்தான் சட்டம் குறுக்கே வருகிறது.

அந்தத் தெருவில் தலைகுனிந்து போகிறவன் கோஹென் லெத். தலைமுடியையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு, உலகம் தன்மேல் படாமல் நழுவிவிடவேண்டும் என்பதுபோல் ஒடுங்கி நடக்கும் இந்த ஆளாக நடித்திருப்பவர் கிறிஸ்டோஃப் வால்ட்ஸ். கோஹென் குடியிருப்பது தீப்பிடித்துப் பாழான ஒரு பழைய தேவாலயத்தில். தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்லமாட்டான், 'நாங்கள்' என்பான். அவனுடைய ஒரே எதிர்பார்ப்பு ஒரு போன் அழைப்பு. முன்பு ஒருமுறை வந்தது. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். தான் எதற்காகப் பிறந்தோம் என்பதைச் சொல்லப்போகிறார்கள் என்று உடம்பெல்லாம் பரவசம் பரவ, ரிசீவர் கைநழுவியது, இணைப்பும் அறுந்தது. அந்தக் குரல் திரும்ப அழைக்கும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறான். அழைப்பு வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு அலுவலகத்தில் மன்றாடுகிறான். மூன்று டாக்டர்கள் அவனைப் பரிசோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று கையை விரிக்கிறார்கள்.

அலுவலகத்தின் பெயர் மேன்காம். அங்கே தலைவருக்குப் பெயர் கிடையாது. 'மேனேஜ்மென்ட்' என்பதுதான் பெயர். மேட் டேமன் நடித்திருக்கிறார். அவர் எங்கே நின்றாலும் போட்டிருக்கும் கோட்டு பின்னாலிருக்கும் திரைச்சீலையோடும் நாற்காலி உறையோடும் கலந்துவிடுகிறது. முதலாளியை அறைகலனிலிருந்து பிரித்துப் பார்க்கமுடியாத அந்தத் தையல் ஒன்றுக்கே உடையலங்காரக்காரருக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம். கோஹெனின் மன்றாட்டுக்கு மேனேஜ்மென்ட் இசைகிறார், ஒரு நிபந்தனையோடு. வீட்டிலிருந்தபடியே அவன் ஒரு தேற்றத்தை நிரூபித்துத் தரவேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒன்றுமில்லை என்பதுதான் அந்தத் தேற்றம். பிரபஞ்சம் ஒருநாள் சுருங்கி ஒரு புள்ளிக்குள் போய்விடும், ஆகவே எதற்கும் பொருள் இல்லை என்று கணக்குப்போட்டுக் காட்டவேண்டும்.

வாழ்க்கைக்கு அர்த்தம் சொல்லும் அழைப்புக்காகக் காத்திருப்பவனை, அர்த்தமே இல்லை என்று நிரூபிக்கும் வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். படத்தின் மொத்தக் குரூரமும், மொத்தச் சிரிப்பும் இந்த ஒரு நியமன உத்தரவில் அடங்கிவிடுகிறது.

பேட் ரஷின் எழுதிய திரைக்கதை இது. அவர் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் படைப்பெழுத்துக் கற்பிக்கும் பேராசிரியர். கோஹென் என்ற பெயர் பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள 'பிரசங்கி' ஆகமத்திலிருந்து வந்தது. அந்த ஞானியின் எபிரேயப் பெயர் கோஹெலெத். சூரியனுக்குக் கீழே மனிதன் படும் பாடெல்லாம் எதற்கு என்று கேட்ட அந்தப் பழைய கேள்வியை எடுத்து ரஷின் ஒரு சாஃப்ட்வேர் ஊழியனின் மேஜையில் வைத்துவிட்டார். படம் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில், கில்லியமின் பெரிய படங்களோடு ஒப்பிட்டால் சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்டது. மலிவான பிளாஸ்டிக் துணிகளும் ஓட்டை உடைசல்களுமாக அந்த எதிர்காலம் பளபளக்கிறது. 2013 செப்டம்பரில் வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, கலவையான விமர்சனங்களோடு அடுத்த ஆண்டு தியேட்டர்களுக்கு வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. பத்தாண்டு கழித்து இன்று பார்க்கும்போது படத்தின் பல குறைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அன்று மிகையாகத் தெரிந்த பல விஷயங்கள் இன்று மிகையாகத் தெரியவில்லை.

அதிகாரி போய் வியாபாரி வந்தார்

கில்லியம் பிரிட்டிஷ் நகைச்சுவைக் கோஷ்டியான மான்டி பைத்தானில் அமெரிக்காவில் பிறந்த ஒரே ஆள். 'பிரேசில்' (1985), 'ட்வெல்வ் மங்கீஸ்' (1995), இந்தப் படம் என்று மூன்றையும் சேர்த்து ஒரு முத்தொடராகப் பார்ப்பவர்கள் உண்டு. நடுவில் இருப்பதை விட்டுவிடுவோம். முதலும் மூன்றும்தான் நேர் எதிரே நின்று பேசிக்கொள்கின்றன.

'பிரேசில்' படத்தில் எதிரி அரசாங்கம். ஒரு பூச்சி டைப்ரைட்டருக்குள் விழுந்து டட்டில் என்ற பெயர் பட்டில் ஆகிவிட, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பஸ்தன் பிடிபட்டுச் சாகிறான். தவறை ஒப்புக்கொள்ளவும் படிவம் உண்டு. அங்கே குமாஸ்தாவாக இருக்கும் சாம் லோரி ராத்திரியில் இறக்கை கட்டிப் பறப்பதாகக் கனவு காண்கிறான். அரசாங்கத்துக்கு அவனுடைய கனவைப் பற்றிக் கவலையில்லை. படிவம் சரியாக இருந்தால் போதும். 'ஸீரோ தியர'த்தில் அரசாங்கம் என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. அங்கே எல்லாம் வண்ணமயம், எல்லோரும் இனிமையாகப் பேசுகிறார்கள், மேலதிகாரி ஜோபியாக வரும் டேவிட் த்யூலிஸ் உற்சாகத்தில் கோஹெனின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. ஜோபி வீட்டுப் பார்ட்டியில் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையிலிருக்கும் திரையைப் பார்த்தபடி, தனித்தனிப் பாட்டுக்குக் கூட்டமாக ஆடுகிறார்கள். இங்கே யாரும் யாரையும் அடக்குவதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பதில் மேன்காமுக்கு அபார அக்கறை.

'பிரேசில்' வெளியீட்டில் நடந்த சண்டையையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். சோகமான முடிவை மாற்றச் சொல்லி யுனிவர்சல் ஸ்டூடியோ படத்தை முடக்கியபோது, கில்லியம் 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ஸ்டூடியோ தலைவர் சிட் ஷைன்பெர்கின் பெயரைப் போட்டு, என் படத்தை எப்போது வெளியிடப்போகிறீர்கள் என்று கேட்டது அந்த விளம்பரம். லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர்கள் சங்கம், அமெரிக்கத் தியேட்டருக்கு இன்னும் வராத அந்தப் படத்துக்கே ஆண்டின் சிறந்த படம் விருதைக் கொடுத்ததும் ஸ்டூடியோ வழிக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் விளம்பரத்தைக் கிண்டலடித்தவருக்குக் கைகொடுத்ததும் ஒரு விளம்பரம்தான். சந்தையை வெளியே நின்று திட்டமுடியாது என்பதைக் கில்லியம் அப்போதே அனுபவித்துவிட்டார்.

வியாபாரம் உலகை விழுங்கிவிடும் என்ற கற்பனை அறிவியல் புனைவுக்குப் புதிதல்ல. ஃபிரெடரிக் போல், சி. எம். கார்ன்ப்ளுத் இருவரும் சேர்ந்து எழுதிய 'தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' நாவல் 1953-லேயே வந்துவிட்டது. அதில் விளம்பரக் கம்பெனிகள் நாட்டை ஆள்கின்றன. செனட்டர்கள் மாநிலங்களுக்குப் பதில் கம்பெனிகளுக்குப் பிரதிநிதியாக இருக்கிறார்கள், குடித்தவர்களை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு காப்பி சந்தையில் இருக்கிறது. போல் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். உள்ளே இருந்து பார்த்ததை எழுதினார். ஸ்பீல்பெர்க்கின் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' (2002) படத்தில் கடைகள் டாம் க்ரூஸின் கருவிழியைப் படித்துப் பெயர் சொல்லி வரவேற்கும். 'பிளாக் மிரர்' தொடரின் 'ஃபிஃப்டீன் மில்லியன் மெரிட்ஸ்' (2011) அத்தியாயத்தில் ஜனங்கள் நாள் முழுக்க சைக்கிள் மிதித்துப் புள்ளி சேர்க்கிறார்கள். விளம்பரத்தைப் பார்க்காமல் தவிர்த்தால் அதற்கும் புள்ளி கழியும். அந்த உலகில் வெடிக்கும் கோபமும் கடைசியில் வாரா வாரம் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி ஆகிவிடுகிறது.

இவை எல்லாவற்றிலும் சந்தை விற்பது ஆசையை. கில்லியம் இன்னொரு படி உள்ளே போகிறார். கோஹெனுக்கு ஆசை என்று எதுவும் கிடையாது. உணவில் ருசி வேண்டாம், துணியில் நிறம் வேண்டாம், தொட வேண்டாம், பேச வேண்டாம். விளம்பரத்துக்குச் சிக்காத ஆள் என்று ஒருவன் இருந்தால் அவன்தான். அவனிடம் இருப்பது ஒரே ஒரு தவிப்பு, தன் வாழ்க்கை எதற்கு என்பது. மேன்காம் அதைக் கண்டுபிடித்து அந்தத் தவிப்புக்கு வேலை கொடுத்துவிட்டது. வாங்க மறுக்கிறவனை ஊழியனாக எடுத்துக்கொள்கிற சாமர்த்தியத்தை நான் வேறெந்தப் படத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. போன் வரும் என்ற நம்பிக்கைதான் அவனை நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறது. அவன் வெளியே போகமாட்டான், விடுப்பு கேட்கமாட்டான், சங்கம் வைக்கமாட்டான். முக்தி தேடுகிறவனைவிட ஒழுங்கான பணியாளர் யாருக்குக் கிடைப்பார்?

டாக்டரும் கம்பெனி சரக்கு

கோஹென் திணறும்போது அவனுக்கு ஒரு மனநல ஆலோசகரைக் கொடுக்கிறார்கள். டாக்டர் ஷ்ரிங்க்-ராம் ஒரு சாஃப்ட்வேர். டில்டா ஸ்விண்டனின் முகத்தோடு திரையில் தோன்றி, அனுதாபப்பட்டு, பொறுமை இழந்து, ஒரு காட்சியில் ராப் பாட்டும் பாடும். 2013-ல் இது வெறும் கேலி. ஆனால் இதற்கு ஒரு பாட்டி உண்டு. 1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர்போல, நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருந்த அவருடைய செயலாளரே அதனோடு பேச உட்கார்ந்ததும், தயவுசெய்து அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிறகு இந்த மாதிரி எந்திரங்களுக்கு எதிராகவே புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தைவிட அந்தச் செயலாளரின் வேண்டுகோளைத்தான் சந்தை கவனித்தது. இன்று தியானம் கற்றுத்தரும் ஆப்கள் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டிப் போகின்றன. தூக்கம் வராதவர்களுக்குக் கதை சொல்லவும், தனிமையில் இருப்பவர்களோடு பேசவும் மாதச் சந்தா இருக்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நள்ளிரவில் யாரோடாவது பேசியே ஆகவேண்டும் என்று இருக்கிறவரிடம் எலைசாவின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கமுடியாது. ஆனால் படம் எழுப்பும் சந்தேகம் நியாயமானது. உன் வருத்தத்தைக் கேட்கும் காதும், உன் வருத்தத்துக்குக் காரணமான வேலையும் ஒரே முதலாளியுடையவை என்றால் அந்தக் காது உன்னைக் குணப்படுத்துமா, நாளைக் காலை வேலைக்குத் தயார்படுத்துமா?

தேற்றத்தின் இயற்பியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரபஞ்சம் கடைசியில் சுருங்கிக் கருந்துளைக்குள் போகும் என்று படம் சொல்வதைப் பார்த்து இயற்பியல் மாணவர்கள் சிரிப்பார்கள். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துக்கொண்டே இருக்கிறது என்று 1998-ல் கண்டுபிடித்ததற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-ல் நோபல் கொடுத்தாகிவிட்டது. படம் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. ஆனால் பூஜ்யம் என்ற எண்ணம் வெறும் கற்பனை இல்லை. பொருளின் ஆற்றலும் ஈர்ப்பின் எதிர்மறை ஆற்றலும் ஒன்றையொன்று ஈடுசெய்து பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் பூஜ்யமாகவே இருக்கலாம் என்று எட்வர்ட் ட்ரையன் 1973-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது விரக்தியில் எழுதிய கட்டுரை அல்ல. மொத்தம் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லாததிலிருந்தே இவ்வளவும் பிறந்திருக்கமுடியுமே என்ற வியப்பு அதில் இருந்தது. மேன்காமின் கையில் கிடைத்ததும் அதே பூஜ்யம் அவநம்பிக்கையாக மாறிவிடுகிறது. கணக்கு ஒன்றுதான், கணக்குக் கேட்டவர் யார் என்பதில்தான் வித்தியாசம்.

மேனேஜ்மென்ட் பேசும்போது பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்

படத்தின் இறுதிக்கட்டத்தில் மேனேஜ்மென்ட் வாய் திறக்கிறார். அந்தத் தேற்றத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று கோஹென் கேட்க, குழப்பத்தில் காசு இருக்கிறது என்கிற பொருளில் பதில் வருகிறது. எல்லாம் சிதறிக் கிடந்தால்தானே ஒழுங்குபடுத்தித் தரும் சேவையை விற்கமுடியும்? பிறகு கோஹெனுக்கு உபதேசம். இந்த வாழ்க்கைக்கு அப்பால் ஒரு பெரிய பொருள் இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்ததால் கையிலிருந்த வாழ்க்கையை நீ வீணாக்கிவிட்டாய், உன் நம்பிக்கையே உன் வாழ்க்கையைப் பூஜ்யமாக்கியது, அதனால்தான் இந்த வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறார்.

இந்த உபதேசத்தைப் படத்தின் செய்தி என்றே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. யார் சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். நாளையை மற, இன்றைக்கு வாழ், அனுபவி. முதல் காட்சியில் கோஹெனைத் துரத்திய சுவர்களெல்லாம் இதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தன? ஞானியின் வாயிலிருந்து வந்தால் விடுதலையாகத் தெரிவது, முதலாளியின் வாயிலிருந்து வரும்போது விளம்பர வாசகமாகவும் இருக்கிறது. நம்பினால் கோஹென் ஊழியன், நம்பிக்கை போனால் வாடிக்கையாளன். எந்தப் பக்கம் போனாலும் வாசலில் ரசீது போட ஆள் இருக்கிறது. ஒப்பனையும் கலர் விளக்கும் நிறைந்த இந்தப் படத்தின் நிஜமான இருட்டு இங்கேதான் இருக்கிறது, கில்லியம் இதை முழுதாக உணர்ந்து எடுத்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம்.

அர்த்தத் தேடல் என்றதும் பலரும் கையில் எடுப்பது விக்டர் ஃபிராங்கிலைத்தான். ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட நாஜி முகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர். 1946-ல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம், வாழ்க்கையிடம் பொருளைக் கேட்காதே, வாழ்க்கைதான் உன்னைக் கேட்கிறது, உன் நடத்தையால் பதில் சொல் என்பது. அந்தக் கண்ணாடியில் பார்த்தால் கோஹெனின் பிழை எளிதாகத் தெரிகிறது. அவனுக்கு அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, எதிர்பார்த்த அழைப்பு இல்லை என்பதால் அவன் அவற்றை அழைப்பாகவே எண்ணவில்லை. ஆனால் ஃபிராங்கிலுக்கு வராத ஒரு சிக்கல் கோஹெனுக்கு இருக்கிறது. அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரையும் அனுப்பியது மேனேஜ்மென்ட். வெப்கேமில் ஆண்களுக்குத் துணையாகும் பெயின்ஸ்லி (மெலனி தியரி) பணம் வாங்கிக்கொண்டு வந்தவள். பதினைந்து வயது பாப் (லூகாஸ் ஹெட்ஜஸ்) முதலாளியின் மகன், வேலையை முடுக்க வந்தவன். வாழ்க்கை கேட்கும் கேள்வியையே ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்து அனுப்பினால் எப்படிப் பதில் சொல்வது?

படம் தன்னையறியாமல் நன்றாக இருப்பது இந்த இடத்தில்தான். பாப் எல்லோரையும் 'பாப்' என்றே கூப்பிடுகிறான்; அடுத்தவர் பெயரை ஞாபகம் வைக்க மூளையைச் செலவழிக்கமாட்டானாம். பீட்சா வரவழைக்கிறான், பெட்டி பாடுகிறது. கிழவனும் பையனும் வேண்டாவெறுப்பாகப் பழகி, பிறகு பூங்காவில் அந்தத் தடைப் பலகைகளுக்கு நடுவே போய் உட்காருகிறார்கள். பையன் காய்ச்சலில் விழும்போது, யாரையும் தொடாத கோஹென் அவனைப் பார்த்துக்கொள்கிறான். பெயின்ஸ்லியும் ஒரு கட்டத்தில் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறாள். வா, எங்காவது ஓடிப்போகலாம் என்று நிஜமாகவே கூப்பிடுகிறாள். அனுப்பியது மேனேஜ்மென்ட்தான், ஆனால் வந்தவர்கள் சொன்ன வேலையோடு நின்றுவிடவில்லை. ஆளை விலைக்கு வாங்கலாம், ஆளுக்குள் பிறகு நடப்பதற்கு ஒப்பந்தம் எழுதமுடியாது என்பதற்கு இந்த இரண்டு பேர் சாட்சி. கோஹென் என்ன செய்கிறான்? கதவருகே நிற்கும் பெண்ணைப் போகச் சொல்லிவிட்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். படத்தில் எனக்குத் தாங்கமுடியாத காட்சி அதுதான், கருந்துளை அல்ல.

கில்லியம் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பெயின்ஸ்லி கடைசிவரை ஓர் ஆணின் கனவாகவே உடுத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கென்று ஒரு வீடோ கேள்வியோ எழுதப்படவில்லை. அர்த்தம் தேடும் உரிமை திரைக்கதையில் கோஹெனுக்கு மட்டும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மெலனி தியரி தன் முகத்தால் முடிந்தவரை அதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்.

இனி முடிவு. 'பிரேசில்' கடைசியில் சாம் தப்பித்துக் காதலியோடு பச்சைப் பள்ளத்தாக்குக்குப் போவதாகக் காட்டிவிட்டு, கேமரா சட்டென்று சித்திரவதை அறைக்குத் திரும்பும். நாற்காலியில் கட்டப்பட்ட சாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மனம் பறிபோய்விட்டது. அதிகாரிகள் இருவரும், இவன் நம் கையிலிருந்து போய்விட்டான் என்று தோல்வியை ஒப்புக்கொள்வார்கள். கொடுமையான முடிவுதான், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு சாமுக்குச் சொந்தம். எந்தத் துறையும் அதற்கு உரிமை கோரமுடியாது. யுனிவர்சல் தயாரித்த 94 நிமிடப் பதிப்பு செய்த காரியம், அந்த நாற்காலியை வெட்டிவிட்டுப் பள்ளத்தாக்கை மட்டும் வைத்துக்கொண்டது. கனவையே நிஜமென்று விற்கப் பார்த்தார்கள்.

'ஸீரோ தியரம்' முடிவில் கோஹென் சுத்தியலால் எந்திரங்களை நொறுக்குகிறான், கருந்துளைக்குள் விழுகிறான், ஒரு கடற்கரையில் கண் விழிக்கிறான். பெயின்ஸ்லி முன்பு அனுப்பிய மெய்நிகர் உடையை மாட்டிக்கொண்டு அவளோடு போய்வந்த, கம்ப்யூட்டர் வரைந்த அதே கடற்கரை. இப்போது அவள் இல்லை. சூரியனைப் பந்துபோல எடுத்து விளையாடிவிட்டு அதை அஸ்தமிக்க வைக்கிறான். முகத்தில் அமைதி தெரிகிறது. அவன் மேன்காமின் வலைப்பின்னலுக்குள் நுழைந்த பிறகே இதெல்லாம் நடக்கிறது என்பதை நினைவில் வைத்தால், அந்த மணலும் அலையும் சூரியனும் கம்பெனியின் சர்வரில் இருப்பவை என்றுதான் நான் வாசிக்கிறேன். சாமின் கனவு அவன் மண்டைக்குள் இருந்தது, கோஹெனுடையதற்கு வேறொருவர் மின்கட்டணம் கட்டுகிறார். இந்தமுறை கேமரா திரும்பிப் போகவில்லை. கோஹெனின் உடம்பு எங்கே கிடக்கிறது, மேனேஜ்மென்ட் அதைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை நாம் பார்ப்பதே இல்லை. 1985-ல் அந்த நாற்காலியை நமக்குக் காட்டியே தீருவேன் என்று ஸ்டூடியோவோடு மல்லுக்கட்டியவர், 2013-ல் தானே அதை வெட்டிவிட்டுக் கடற்கரையோடு நிறுத்திக்கொண்டார். கோஹென் மேல் வைத்த கருணை என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். எனக்கு அது யுனிவர்சல் கேட்ட முடிவு போலத்தான் தெரிகிறது.